தஞ்சாவூருக்கு மூன்று நாள்: வாசகர் கேள்வி–பதில்

பலாலியில் இருந்து திருச்சிக்கு நேரடி விமானம் 2025 மார்ச்சில் தொடங்கியது. காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பலும் இருப்பதால் சோழநாடு இப்போது யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்து ஊர் மாதிரி. குடும்பத்தோடு காரில் தஞ்சாவூர்ப் பக்கம் சுற்றிவர நினைக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். வாகனத்தையும் நேரத்தையும் பற்றிய கேள்விகளை விரிவாகவே எடுத்திருக்கிறோம். காசு வீணாவதும் பிள்ளைகள் களைத்துச் சிணுங்குவதும் பெரும்பாலும் அந்த இரண்டாலும்தான்.

கேள்வி: நாங்கள் இருவர், 9, 13 வயதில் இரண்டு பிள்ளைகள், என் அம்மா என ஐந்து பேர். மூன்று நாள்தான் கையில் உண்டு. தஞ்சாவூர், கும்பகோணம், சிதம்பரம், வேளாங்கண்ணி, மதுரை எல்லாம் பார்த்துவிடலாமா?
*(உடுவில் வாசகி)*

மதுரையை முதலில் வெட்டுங்கள். தஞ்சாவூரிலிருந்து அது 190 கிலோமீற்றர் அளவு. போக வர ஒரு நாள் முழுதாகப் போய்விடும். சிதம்பரத்தையும் வேளாங்கண்ணியையும் இன்னொரு பயணத்துக்கு வையுங்கள்.

தூரத்தைப் பார்த்து மட்டும் இதைச் சொல்லவில்லை. கும்பகோணத்திலிருந்து சிதம்பரம் 75 கிலோமீற்றர்கூட இராது. ஆனால் சோழநாட்டுக் கோவில்கள் மதியம் 12, 12:30 போல் நடை சாத்தினால் பின்னேரம் 4 மணிக்குத்தான் திறக்கும். காலை 6 தொடக்கம் 12 வரை ஒன்று, பின்னேரம் 4 தொடக்கம் 8 வரை ஒன்று என்று ஒரு நாளில் இரண்டே பொழுதுகள். முதல் நாள் விமானத்தால் இறங்கி, கடைசி நாள் விமானம் ஏறுகிற பயணத்தில் அப்படியான பொழுதுகள் நான்குதான் தேறும். ஒரு பொழுதுக்கு ஒரு பெரிய இடம், மிஞ்சினால் அதன் பக்கத்திலுள்ள ஒரு சின்ன இடம் என்று கணக்கு வையுங்கள். நான்கு பொழுதுக்குள் எட்டு இடத்தைத் திணித்தால் நான்கில் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள்.

நாங்கள் சொல்லும் ஒழுங்கு இது. முதல் நாள் திருச்சியில் இறங்கித் தஞ்சாவூருக்கு வந்து, பின்னேரம் 4:30க்குப் பெரிய கோவில். விளக்கு ஏற்றும் வரை அங்கேயே இருங்கள். இரண்டாம் நாள் காலை 6 மணிக்குத் திரும்பவும் பெரிய கோவில். ஒரே இடத்துக்கு இரண்டு தரமா என்று தயங்க வேண்டாம். முதல் நாள் கும்பிட, இரண்டாம் நாள் பார்க்க. 8:30க்கு வெளியே வந்து சாப்பிட்டு, 10 மணிக்கு அரண்மனை. அங்கே நாயக்கர் தர்பார் மண்டபத்தில் உள்ள சோழர் வெண்கலச் சிலைகளுக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் வேண்டும். மதியம் நன்றாக ஓய்வெடுத்து, 3 மணிக்குப் புறப்பட்டு 13 கிலோமீற்றரில் உள்ள திருவையாறு. ஐயாறப்பர் சந்நிதி 4 மணிக்குத் திறக்கும்போது நீங்கள் வாசலில் நிற்கலாம். அப்பர் கயிலைக் காட்சி கண்ட தலம். தியாகராஜ சுவாமிகளின் சமாதியும் காவிரிக் கரையில் அங்கேயே இருக்கிறது. இரவு கும்பகோணத்தில் தங்கல். மூன்றாம் நாள் காலை 6 மணிக்கு அறையைக் காலி செய்து கங்கைகொண்ட சோழபுரம், திரும்பும் வழியில் 12 மணிக்கு முன் தாராசுரம், சாப்பாடு, பிறகு திருச்சி. கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையம் 100 கிலோமீற்றர் அளவு. இரண்டரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். உங்கள் விமானம் பின்னேரம் 5 மணிக்கு முன் என்றால் மூன்றாம் நாளில் தாராசுரமும் சோழபுரமும் அடங்கா. ரிக்கெற் எடுக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கப்பலா, விமானமா நல்லது? கப்பலில் எங்கள் வானையே ஏற்றிக்கொண்டு போக முடியுமா?
*(சாவகச்சேரி வாசகர்)*

வானை ஏற்ற முடியாது. அது பயணிகள் கப்பல். ஆட்களும் பொதிகளும் மட்டும்தான்.

2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் திரும்ப ஓடத் தொடங்கிய சேவை இது. கடல் ஒத்துழைத்தால் நான்கு மணித்தியாலம். சிக்கல் கடலில்தான். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில், அதாவது ஒக்டோபர் பிற்பகுதி தொடக்கம் டிசம்பர், ஜனவரி வரை, சேவை நிறுத்தப்படுவது வழக்கம். மற்ற மாதங்களிலும் காலநிலையால் ஒரு நாள் தள்ளிப்போகலாம். ஆகவே திரும்பி வருகிற நாளுக்கு மறுநாள் பரீட்சை, கலியாணம், வைத்தியரிடம் முன்பதிவு ஒன்றும் வையாதீர்கள். கடல் ஒத்துவராதவர்கள் தலைச்சுற்று மருந்தை ஏறுவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது.

மூன்று நாள் பயணம் என்றால் விமானம். ஐந்து நாள் கையில் இருந்தால் கப்பல் அருமை. நாகபட்டினத்தில் இறங்கினால் நாகூர் தர்காவும் வேளாங்கண்ணியும் கைக்கெட்டும் தூரம், திருவாரூர் 25 கிலோமீற்றர், அங்கிருந்து தஞ்சாவூர் 60 கிலோமீற்றருக்குள். திருச்சி விமானம் சிறியது. பொதி நிறையைப் பலாலியில் கண்டிப்பாக நிறுப்பார்கள். வீட்டிலேயே நிறுத்துக்கொண்டு போங்கள்.

வீசா பற்றி ஒரு எச்சரிக்கை. இ-வீசாவால் எல்லா விமான நிலையத்தாலும் எல்லாத் துறைமுகத்தாலும் நுழைய முடியாது. அனுமதிக்கப்பட்ட இடங்களின் பட்டியல் வீசா இணையத்தளத்திலேயே இருக்கிறது. நீங்கள் இறங்கும் இடம் அதில் உண்டா என்று பார்த்த பிறகுதான் ரிக்கெற். கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். பிள்ளைகளின் கடவுச்சீட்டைத்தான் பலர் பார்க்க மறக்கிறார்கள்.

கேள்வி: திருச்சியில் கார் வாடகைக்கு எடுத்தால் ஏமாற்றிவிடுவார்களாம். என்ன கேட்க வேண்டும்? எனக்கு இங்கே 20 வருடம் ஓடிய அனுபவம் உண்டு, நானே ஓட்டலாமா?
*(கொக்குவில் வாசகர்)*

இரண்டாவதை முதலில் சொல்கிறோம். அங்கேயும் இடப்பக்க ஓட்டம்தான், சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தால் ஓட்டலாம். ஆனாலும் சாரதியோடு எடுங்கள். காவிரி டெல்ரா வீதிகள் ஒடுக்கம். அடையாளம் இல்லாத வேகத்தடைகள். அறுவடைக் காலத்தில் வீதியிலேயே நெல் காயும். பஸ்காரர் நடுவீதியால் வந்து ஹோர்ன் அடித்தால் நீங்கள்தான் ஓரம் போக வேண்டும். மூன்று நாளில் அதைப் பழகி என்ன காண்பது?

ஏமாற்று என்று பலர் நினைப்பது அங்கேயுள்ள வாடகை முறையே. வெளியூர் ஓட்டத்துக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீற்றர், சில இடங்களில் 300 என்று கணக்கு. நீங்கள் 60 கிலோமீற்றர் ஓடினாலும் 250க்குக் கட்ட வேண்டும். அதற்கு மேல் சாரதிக்கு நாள் பேட்டா, சுங்கச்சாவடிக் கட்டணம், தரிப்பிடக் கட்டணம் எல்லாம் தனி. இரவு 10 மணிக்கு மேல் ஓடினால் பேட்டா கூடும். கிலோமீற்றர் ஓடத் தொடங்குவது உங்கள் ஹோட்டல் வாசலில் இல்லை. வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்து திரும்ப ஷெட்டுக்கு. சென்னை வண்டியைத் திருச்சிக்கு அழைத்தால் அங்கிருந்து வரும் 320 கிலோமீற்றரும் உங்கள் தலையில். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வண்டிகளையே பிடியுங்கள்.

இனிக் கணக்கைப் பாருங்கள். மேலே சொன்ன மூன்று நாள் ஒழுங்கில் உண்மையான ஓட்டம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர்: விமான நிலையம்–தஞ்சாவூர் 60, திருவையாறு வழியாகக் கும்பகோணம் 50, கங்கைகொண்ட சோழபுரம் போய்வர 75, திருச்சி 100, மிச்சம் ஊருக்குள். மூன்று நாளும் ஒரே வண்டியை வைத்திருந்தால் 750க்குக் கட்டுகிறீர்கள். வண்டிகளைப் பிரித்து எடுத்து, இறக்கிவிடும் ஓட்டத்துக்கு நாள் கணக்கு இல்லாமல் போகவர ஓடும் தூரத்துக்கு மட்டும் என்று பேசிக்கொண்டால் எப்படி? முதல் நாள் தஞ்சாவூரில் இறக்கிவிட மட்டும் ஒரு வண்டி, அது திரும்பிப் போவதையும் சேர்த்து 120. இரண்டாம் நாள் தஞ்சாவூருக்குள் ஓட்டோ போதும். கோவிலும் அரண்மனையும் இரண்டு கிலோமீற்றருக்குள். பின்னேரம் கும்பகோணத்துக்கு இறக்கிவிடத் தஞ்சாவூர் வண்டி, திரும்பல் சேர்த்து 90. மூன்றாம் நாள் கும்பகோணம் வண்டி, காலை தொடக்கம் திருச்சி வரை, அது வீடு திரும்புவதையும் சேர்த்து 275. கூட்டினால் 485.

சின்னக் குழந்தை, நடக்க மாட்டாத பெரியவர், நிறையப் பொதி என்றால் ஒரே வண்டியும் ஒரே சாரதியும் பெரிய நிம்மதி. அப்போது அந்த மேலதிகக் காசைச் சந்தோஷமாகக் கொடுக்கலாம். என்னத்துக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி. ஊருக்குள் மட்டும் சுற்ற ‘8 மணி, 80 கிலோமீற்றர்’ என்றொரு பேச்சு உண்டு. எது முந்துகிறதோ அதன் மேல் கூடுதல் கட்டணம்.

வண்டியின் இலக்கத் தகடு மஞ்சளில் கறுப்பு எழுத்தாக இருக்க வேண்டும். அதுதான் வாடகை வாகனம். வெள்ளைத் தகடு சொந்தப் பாவனைக்கு உரியது. வழியில் மறித்தாலும் விபத்து நடந்தாலும் காப்புறுதிச் சிக்கல் உங்களுக்கும் சேர்த்துத்தான். ஐந்து பேருக்கு டிசையர் போன்ற சின்னக் கார் போதாது. எர்டிகா அல்லது இனோவா கேளுங்கள். கேட்கும்போதே “டிக்கியில் காஸ் சிலிண்டர் உண்டா?” என்றும் கேளுங்கள். சிஎன்ஜியில் ஓடும் வாடகைக் கார்களில் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொண்டிருக்கும். பயணப்பை மடியில்தான் வரும். பெற்றோல், டீசல் எர்டிகாவிலும் பின் வரிசை முழுதாக நிமிர்ந்திருந்தால் இரண்டு சின்னப் பைக்குத்தான் இடம். ஐந்து பேர் என்றால் பின் வரிசையில் ஒரு பாதியை மடித்து அங்கே பொதியை வையுங்கள்.

ஏறியவுடன் ஓடோமீற்றரைப் போனில் படம் எடுங்கள், இறங்கும்போதும் எடுங்கள். சண்டைக்கு இல்லை, கணக்குக்கு. சாரதிக்கு இரவு படுக்க இடம் உண்டா என்று ஹோட்டலில் கேட்டு வையுங்கள். வண்டிக்குள் வியர்வையோடு படுத்தெழும்பியவர் அடுத்த நாள் உங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடக்கூடாது.

கப்பலால் வந்து தரங்கம்பாடி டச்சுக் கோட்டை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒன்று. அது டச்சுக்காரர் கோட்டை இல்லை, 1620இல் டேனிஷ்காரர் கட்டியது. நாகபட்டினத்திலிருந்து அங்கே போகும் வழியில் உள்ள காரைக்கால் புதுச்சேரி நிர்வாகத்துக்குரியது. திருநள்ளாறும் அப்படியே. அனைத்திந்திய பெர்மிட் இல்லாத தமிழ்நாட்டு வண்டி அதற்குள் நுழையத் தனிப் பெர்மிட் எடுக்க வேண்டும். அதை யார் கட்டுவது என்று முதலே பேசுங்கள்.

கேள்வி: லொட்ஜ் ஒன்றில் இடம் இருக்கிறது என்று போனில் சொல்லிவிட்டு, இலங்கைக் கடவுச்சீட்டு என்றதும் இல்லை என்றார்களாம் எங்கள் உறவினருக்கு. ஏன்?
*(மானிப்பாய் வாசகி)*

வெளிநாட்டவர் ஒருவரைத் தங்கவைத்தால் 24 மணித்தியாலத்துக்குள் ‘சி படிவம்’ என்ற விபரத்தை இணையத்தில் குடிவரவு அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும் என்பது இந்தியச் சட்டம். அதற்குப் பதிவு செய்யாத சிறிய லொட்ஜுகள் வில்லங்கம் வேண்டாம் என்று கைவிரித்துவிடும். உங்கள் மேல் சந்தேகம் என்று எடுக்க வேண்டியதில்லை. முன்பதிவு செய்யும்போதே “இலங்கைக் கடவுச்சீட்டு, சி படிவம் போடுவீர்களா?” என்று நேரே கேட்டு, ஆம் என்பதைக் குறுஞ்செய்தியாக வாங்குங்கள். இணையத்தில் காசு கட்டி முடித்த பிறகு வாசலில் நின்று வாதாடுவதை இது தவிர்க்கும். ஒவ்வொருவருக்கும் கடவுச்சீட்டுப் பிரதியும் வீசாப் பிரதியும் இரண்டிரண்டு எடுத்துப் போங்கள். உறவினர் வீட்டில் தங்கினாலும் அவர்கள் இதே படிவத்தை அனுப்பக் கடமைப்பட்டவர்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: அறை 24 மணித்தியாலக் கணக்கா, மதியம் 12க்குக் காலி செய்யும் கணக்கா? சோழநாட்டு ஊர்களில் இரண்டும் உண்டு. முதல் நாள் பின்னேரம் 3 மணிக்கு வந்து மறுநாள் 3 மணிக்குப் புறப்படுகிற உங்களுக்கு 24 மணித்தியாலக் கணக்கு அளவெடுத்தது போலப் பொருந்தும். மதிய வெயிலில் பிள்ளைகள் படுத்தெழும்பலாம்.

கேள்வி: பெரிய கோவிலில் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது? “பெரிசா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனைத் தூக்கிவிடுவார்கள்.
*(பருத்தித்துறை, ஆசிரியை ஒருவர்)*

பெரிசு என்பதை அவர்களே அளக்கட்டும். உள்ளே போகும்போது இரண்டு சோழர் வாசல்கள் வரும்: முதலில் கேரளாந்தகன் வாசல், அடுத்தது இராஜராஜன் வாசல். இரண்டாவது வாசலில் நிற்கும் துவாரபாலகரின் காலடியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானையை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரியது, அந்தப் பாம்பு காலடியில் பூச்சி போலக் கிடக்கும் காவலர் எவ்வளவு பெரியவர், அந்தக் காவலரே கைகாட்டி வியக்கும் உள்ளே இருப்பவர் எவ்வளவு பெரியவர்? இந்தக் கணக்கை ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். அதே வாசலின் அடித்தளத்தில் மார்க்கண்டேயர் கதையும் அருச்சுனன் பாசுபதம் பெற்ற கதையும் சின்னச் சின்னப் புடைப்புச் சிற்பமாக உண்டு. பெரும்பாலானோர் நந்தியைப் பார்த்து ஓடுகிற அவசரத்தில் இவற்றைக் கடந்துவிடுகிறார்கள்.

நந்தி ஒரே கல்தான், ஆனால் இராஜராஜன் வைத்தது இல்லை, நாயக்கர் காலத்தது. அம்மன் சந்நிதி பாண்டியர் காலம், முருகன் சந்நிதி நாயக்கர் காலம். முருகன் சந்நிதித் தூண்களின் நுணுக்கத்தையும் விமானத்தின் (கருவறை மேல் எழும் கோபுரத்தின்) நிமிர்வையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஐந்நூறு, அறுநூறு வருட இடைவெளியில் கல் வேலை எப்படி மாறியது என்பது 13 வயதுப் பிள்ளைக்கே விளங்கும். நல்லூரில் கோபுரங்கள் வானுயர நிற்க மூலஸ்தானம் தாழ்ந்திருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். இங்கே வாசல்கள் தாழ்ந்து, கருவறை மேலேயே 13 நிலையில் 216 அடி எழும்புகிறது. 1010இல் முடித்த வேலை. பொலன்னறுவையில் இரண்டாம் சிவ தேவாலயத்தைப் பார்த்த பிள்ளைகள் என்றால் அதை நினைவுபடுத்துங்கள்; அதுவும் சோழர் காலக் கற்றளி (கல்லால் கட்டிய கோவில்), அளவில் மட்டும் சின்னது.

காலைப் பொழுதில் மிக நல்ல வேலை கல்வெட்டு வாசிப்பது. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாக எழுத்து ஓடுகிறது. சூரியன் தாழ்வாக இருக்கும் 6:30 தொடக்கம் 8 மணி வரை வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் எழுத்துக்குள் நிழல் தங்கி நன்றாகத் தெரியும். 11 மணிக்கு அதே கல் வெறுமையாகத் தோன்றும். புள்ளி பெரும்பாலும் இடமாட்டார்கள், சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. ஆனாலும் ட, ப, ம, ர, ன போன்றவற்றைப் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிப்பார்கள். ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து, பார்த்ததை வரையச் சொல்லுங்கள். கல்லின் மேல் கடதாசியை வைத்துத் தேய்க்க விடாதீர்கள். அது காக்கப்பட்ட சின்னம், 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது.

எழுதியிருப்பது என்ன? தான் கொடுத்தவை, அக்கன் குந்தவை கொடுத்தவை, தன் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொன்னான் இராஜராஜன். பொன், பாத்திரம், விளக்குக்கு விட்ட ஆடு, கோவிலில் ஆடவந்த 400 பெண்களின் பெயரும் அவர்களின் வீட்டு வரிசையும்கூட உண்டு. அந்தக் கணக்கில் எங்கள் பக்கமும் வருகிறது: ஈழத்து ஊர்களில் இருந்தும் இந்தக் கோவிலுக்கு வருவாய் விடப்பட்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. அரசன் வென்ற நாடுகளை அடுக்கும் மெய்க்கீர்த்தி ‘திருமகள் போல’ என்று தொடங்கி, ஈழமண்டலத்தையும் சொல்லிப் போகும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று அந்தக் கல்லின் முன் நிற்கும்போது இதைச் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு.

கருவறையைச் சுற்றிய உள்வழியில் உள்ள சோழர் ஓவியங்களையும் மேல் நிலையில் உள்ள, பரத நடன நிலைகளைக் காட்டும் கரணச் சிற்பங்களையும் பொதுமக்கள் போய்ப் பார்க்க விடுவதில்லை. ‘காட்டுகிறேன்’ என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள்.

கேள்வி: பெரிய கோவில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாதாமே?
*(நல்லூர், மாணவன்)*

விழும். காலை 7 மணிக்கு விமானத்தின் மேற்குப் பக்கம் போய் நின்றால் அந்த நிழலுக்குள்ளேயே நிற்பாய். நடுப்பகலில் சூரியன் உச்சிக்கு வரும்போது, விசேடமாக ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் பிற்பகுதியிலும், அகன்ற அடித்தளத்துக்குள்ளேயே நிழல் அடங்கிவிடும். அதைப் பார்த்தவர்கள் சொன்ன கதை வளர்ந்துவிட்டது.

கேள்வி: மாமியாருக்கு முழங்கால் வருத்தம். எந்தக் கோவில் சுகம், எது கஷ்டம்?
*(சுன்னாகம் வாசகி)*

பெரிய கோவில் முற்றம் சமதளம். வாசல் படிகளைத் தாண்டிவிட்டால் மெல்ல நடக்கலாம். மூலவரிடம் ஏறும் படிகள்தான் உயரம்; கைப்பிடித்து ஏற்ற ஒருவர் வேண்டும். முற்றத்துக் கல் காலை 10 மணிக்கே சுடத் தொடங்கும், செருப்போ வாசலிலேயே கழற்ற வேண்டும். தடித்த பருத்திக் காலுறை ஒரு சோடி கொண்டுபோங்கள். நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்கு இது கட்டாயம். சுட்டது தெரியாமலே கொப்பளித்துவிடும்.

சுவாமிமலை முருகனுக்கு 60 படி. தமிழ் வருடங்கள் அறுபதைக் குறித்துக் கட்டியவை. முழங்கால் வருத்தத்தோடு ஏறச் சொல்ல மாட்டோம். தாராசுரம் வீதி மட்டத்திலும் தாழ்ந்த கோவில். மழைக்காலத்தில் முன்பக்கம் தண்ணீர் தேங்கும், கல் வழுக்கும். கங்கைகொண்ட சோழபுரத்தில் புல்வெளி அழகு, ஆனால் மூலவரிடம் போக ஏறத்தான் வேண்டும்.

பிரதோஷ நாளில் பெரிய கோவிலுக்குப் பின்னேரம் பெரியவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். நந்தி அபிஷேகம் பார்க்க வரும் சனம் முற்றத்தை நிறைத்துவிடும். பஞ்சாங்கத்தில் திரயோதசியைப் பார்த்துவிட்டுத் திகதி குறியுங்கள். அந்தச் சனத்தையே பார்க்க விரும்பினால் அதுவே நல்ல நாள்.

கேள்வி: தாராசுரமா, கங்கைகொண்ட சோழபுரமா? ஒன்றுக்குத்தான் நேரம்.
*(அளவெட்டி வாசகர்)*

தாராசுரம். சோழபுரத்து விமானம் கம்பீரமானது, சண்டேசுரருக்கு இறைவன் மாலை சூட்டும் சிற்பத்துக்காகவே போகலாம். ஆனால் நாவலரின் பெரியபுராண வசனத்தைப் படித்து வளர்ந்த ஊர்க்காரருக்குத் தாராசுரத்தில் உள்ளது வேறெங்கும் கிடைக்காது. இரண்டாம் இராஜராஜன் கட்டிய 12ஆம் நூற்றாண்டுக் கோவில். மூலவர் கோவிலின் அடித்தளத்தை ஒட்டி அறுபத்துமூவர் கதைகள் குறுகிய வரிசையாக ஓடுகின்றன. நிமிர்ந்து நடந்தால் தென்படாது. குனிந்து, வலம் வரும் திசையிலேயே ஒவ்வொன்றாகப் பாருங்கள். கண்ணப்பரில் தொடங்கினால் பிள்ளைகளே மற்றவர்களைக் கண்டுபிடிக்க முயல்வார்கள். முன்மண்டபம் குதிரை பூட்டிய தேர் வடிவில், கல் சில்லுகளோடு இருக்கும். பலிபீடத்துப் படிகள் தட்டினால் ஒலிக்கும் என்பார்கள். இப்போது கம்பி அடைத்திருப்பதால் தட்டப் போகாதீர்கள். ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். 10:30க்குப் பிந்தினால் நடை சாத்தும் அவசரம் வந்துவிடும்.

சோழபுரம் போகிறவர்கள் கும்பகோணத்திலேயே சாப்பிட்டுவிட்டு, தண்ணீரும் எடுத்துக்கொண்டு போங்கள். கோவிலடியில் குடும்பமாக இருந்து சாப்பிட வசதியான கடை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: பிள்ளைகளுக்குச் சோறு இல்லாமல் சரிவராது. இரவில் சோறு கிடைக்குமா?
*(காரைநகர் வாசகி)*

சைவக் கடைகளில் சோற்றுச் சாப்பாடு மதியம் 11:30 தொடக்கம் 3 வரைதான். இரவில் இட்லி, தோசை, பரோட்டா, சப்பாத்தி. இரவுக்குச் சோறு வேண்டும் என்றால் தயிர்ச்சோறு, எலுமிச்சைச் சோறு உண்டா என்று கேளுங்கள், பல இடத்தில் இருக்கும். கறி, மீன் வேண்டுவோர் மெஸ் என்று பெயர் போட்ட கடைகளைப் பார்க்கலாம். அங்கும் மதியம்தான் சிறப்பு. எங்கள் உறைப்புக்கு அவர்கள் குழம்பு சப்பென்றிருக்கும் என்பதால் பெரியவர்கள் கையோடு கொஞ்சம் மிளகாய்த்தூளோ ஊறுகாயோ கொண்டு போவதில் தப்பில்லை.

கும்பகோணத்தில் காலையில் இட்லிக்குக் கடப்பா கேட்டு வாங்குங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த குழம்பு, உறைப்பில்லாததால் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். திருவையாற்றில் பாசிப்பருப்பில் செய்யும் அசோகா அல்வா சூடாக இருக்கும்போது ஒரு கரண்டி போதும், நெய் கனம். கோப்பியில் சீனி முதலே போட்டு வரும்; நீரிழிவுக்காரர் கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?
*(வட்டுக்கோட்டை வாசகர்)*

ஜனவரி கடைசி, பெப்ரவரி. வயல் பச்சை, வெயில் தாங்கும். பொங்கல் வாரத்தில் அறையும் வண்டியும் கிடைப்பது கடினம். பாடசாலை விடுமுறையைத்தான் பார்க்க வேண்டும் என்றால் ஓகஸ்ட், கப்பலும் ஓடும் காலம். ஏப்ரலில் மதியம் 11 தொடக்கம் 4 வரை வெளியே தலைகாட்ட முடியாது. டிசம்பரில் மழை. ஐப்பசிச் சதயத்தில் இராஜராஜனுக்குச் சதய விழா. பார்க்க வேண்டிய விழா, ஆனால் ஆறுதலாகச் சிற்பம் பார்க்கும் நாள் இல்லை. 2028 மாசியில் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. நீராடப் போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அந்த மாதத்தைத் தவிருங்கள்.

கேள்வி: போன், காசு, சார்ஜர் விடயத்தில் கவனிக்க ஏதும் உண்டா?
*(கோப்பாய் வாசகர்)*

எங்கள் சதுர முள்ளுச் சார்ஜர் அங்கே பொருந்தாது. உருண்டை முள்ளு அடப்டர் இரண்டு கொண்டுபோங்கள். இலங்கை ரூபாயைத் தஞ்சாவூரில் மாற்ற அலையாதீர்கள். டொலராகக் கொண்டுபோய் விமான நிலையத்திலோ திருச்சியிலோ மாற்றுங்கள். பெட்டிக்கடை வரை எல்லாரும் போனில் காசு அனுப்பும் நாடு அது. உங்களிடம் அந்த வசதி இராது, கடைக்காரரிடம் சில்லறை இராது. முதல் நாளே 20, 50, 100 ரூபா நோட்டுகளாக ஒரு கட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிம் எடுக்கக் கடவுச்சீட்டும் வீசாப் பிரதியும் கேட்பார்கள், வேலை செய்யத் தொடங்கவும் நேரம் எடுக்கலாம். வண்டிக்காரர் இலக்கம், ஹோட்டல் விலாசம் இரண்டையும் தாளில் எழுதி வையுங்கள்.

கேள்வி: சுவாமிமலையில் ஒரு சின்ன நடராஜர் வாங்க ஆசை. விமான நிலையத்தில் பறித்துவிடுவார்களா?
*(இணுவில் வாசகர்)*

புதிதாக வார்த்த சிலை கொண்டுவரலாம். தடை நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழஞ்சிலைகளுக்கு. ஆனால் பழமை போலக் கறுக்கவைத்த சிலைகளைப் பார்த்துச் சுங்க அதிகாரி நிறுத்திக் கேட்பது உண்டு. ஆகவே மினுக்கிய புதுச் சிலையாக எடுங்கள். கடையின் முத்திரையோடு பற்றுச்சீட்டு, அதில் சிலையின் பெயர், உயரம், நிறை, புது வார்ப்பு என்ற குறிப்பு இருக்கட்டும். கொஞ்சம் பெரிய சிலை என்றால் பழம்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையில் எடுத்துத் தருவீர்களா என்று கடைக்காரரிடமே கேளுங்கள். அதற்கு நாள் எடுக்கும் என்பதால் மூன்று நாள் பயணத்தில் முதலே போனில் பேசி வைக்க வேண்டும். மெழுகில் உருச் செய்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுகிற வேலையைப் பட்டறையில் கேட்டால் காட்டுவார்கள். வாங்காவிட்டாலும் பிள்ளைகளை அரை மணித்தியாலம் அங்கே நிறுத்துங்கள். பித்தளை என்றாலும் ஒரு அடிச் சிலை நல்ல பாரம். விமானப் பொதி நிறையில் அதற்கு இடம் விட்டு வையுங்கள்.